சாத்தான் வந்த காலம்

தாவீது மன்னன் தன் குடிகளைக் கணக்கெடுத்த வரலாறு பைபிளில் இரண்டிடங்களில் வருகின்றது. கர்த்தரே சினந்து மன்னனைத் தூண்டினார் என்கின்றது சாமுவேல் இரண்டாம் புத்தகம். பிற்காலத்தெழுந்த நாளாகமமோ, தூண்டியவன் சாத்தான் என்கின்றது! இஃது எங்ஙனம் நேர்ந்தது?

யோபின் கதையில் வரும் சாத்தான் நரகத்துக்கு அரசனல்லன். தேவ சபையில் நின்று குற்றஞ்சாட்டும் ஊழியனே. உத்தரவின்றி யோபைத் தீண்டவும் அவனுக்கு இயலாது. எபிரேய மொழியில் அச்சொல்லுக்குப் பொருளும் எதிராளி என்பதுதான்.

கி.மு. 586 அளவில் எருசலேம் அழிந்து, யூதர் பாபிலோனுக்குச் சிறைசென்றனர், கி.மு. 539இல் அந்நகர் பாரசீகர் வசமாயிற்று. நாளாகமம் அதற்குப் பின்னரே எழுதப்பட்டது. நன்மைக்கும் தீமைக்கும் வெவ்வேறு தலைவரை வகுத்த ஜரதுஷ்டிர சமயத்தின் சாயலே இம்மாற்றம் என்பாருளர், மறுப்பாருமுளர். தம் தெய்வத்தின்மேல் பழி தங்குவதைப் பிற்காலத்தார் பொறுத்திலர் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆயினும் பழி முற்றும் நீங்கிற்றா? கொள்ளைநோயை அனுப்பியவர் இரு நூல்களிலும் கர்த்தரே. மாண்டோர் தொகையும் 70,000தான். எண்ணச் சொன்னவன் மன்னன், மடிந்தவர் குடிகள்! அவர்கள் செய்த பிழை யாதென்று தாவீதே முறையிடுகின்றான். அக்கேள்விக்கு இரு நூல்களிலும் மறுமொழி இல்லை.