தற்கொலை எண்ணம்: தண்டனையிலிருந்து பரிவுக்கு

தற்கொலைக்கு முயன்றவரையும் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்பவரையும் சமூகம் நெடுங்காலம் பாவியாகவோ குற்றவாளியாகவோ பார்த்தது. தாங்க முடியாத உணர்ச்சிக் கொந்தளிப்பு இதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்ற புரிதல் வளர வளர அப்பார்வை மாறியது. இம்மாற்றத்தைத் திருச்சபைச் சட்டம், நாட்டுச் சட்டம், மருத்துவம் ஆகிய மூன்றிலும் காணலாம்.

திருச்சபைச் சட்டம்

தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள மணப்பாடு, முத்துக்குளித்துறையின் பழைய கத்தோலிக்க ஊர்களுள் ஒன்று. 1542-இல் இக்கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகக் கூறப்படும் குகை இங்கு உள்ளது. இத்தகைய ஊர்களின் பிறப்பு, திருமணம், இறப்புச் சடங்குகள் அனைத்தும் திருச்சபைச் சட்டப்படியே நடந்தன. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை முறைப்படியான அடக்கத்தை மறுத்தது. துயரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது மேலும் ஓர் அடியாகும். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் கூறுகிறது.

நாட்டுச் சட்டம்

1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலை முயற்சிக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. வழக்குக்கு அஞ்சி உண்மையை மறைப்பவருக்கு உரிய உதவி கிடைப்பது கடினம். உச்ச நீதிமன்றம் 1994-இல் இப்பிரிவைச் செல்லாது என்றது. 1996-இல் மீண்டும் செல்லும் என்றது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றும், அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்றும் கூறியது. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

உளவியலும் தமிழ்நாடும்

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினகன் உருவாக்கிய சிகிச்சை முறை, உணர்ச்சியைக் கையாளுவதை ஒரு திறனாகக் கண்டது. எழும் உணர்ச்சியைப் பெயரிட்டு அறிதல், அது தணியும்வரை பொறுத்தல், தயங்காமல் உதவி கேட்டல் ஆகியவற்றைப் பயிற்சியால் கற்கலாம். இத்திறன் குறைவாக இருப்பது குணக்கேடு அன்று.

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அறிவுரை கூறாமல், குறுக்கிடாமல் கேட்பதே அதன் அடிப்படை. 2004 சுனாமிக்குப் பின், சென்னையின் மீனவர் குடியிருப்பான சீனிவாசபுரத்தில், உறவுகளை இழந்தோரைத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று சந்தித்து ஆறுதல் அளித்தனர்.

உதவி பெற

கொந்தளிப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது தணியக்கூடியது. அந்நேரத்தில் தனித்திராமல் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுவது உயிர் காக்கும். ஒருவர் தற்கொலை எண்ணம் பற்றிச் சொன்னால் கண்டிக்காமல் கேட்க வேண்டும். அது பற்றி நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 ஆகிய எண்களில் இலவச ஆலோசனை பெறலாம்.