எலிக்கூட்டைப் பிரித்த கதை

ஜப்பான்காரர்கள் செய்த கார்களிலேயே அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதுவும் 1991-ல் வந்த மூன்றாம் தலைமுறை. ஆனால் பானெட்டைத் திறக்கக் கூடாது! திறந்தால்... இங்கே தில்லியில் ஒரு காலத்து சாந்தினி சௌக் மின்கம்பத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். சுண்டுவிரலை விட மெலிந்த கருப்பு ரப்பர் ஹோஸ்கள், இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாக. அந்தக் கார் வைத்திருப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'எலிக்கூடு'.

எவனய்யா இப்படி டிசைன் பண்ணினான் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்த மனிதர்கள் மேல் பரிதாபம் வந்துவிடும்.

பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது உறிஞ்சக் காற்று போதாமல் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அதுதான் வேக்குவம். காசில்லாமல் கிடைக்கும் சக்தி. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் வைப்பர் கூட இதில்தான் ஓடியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வைப்பர் மெதுவாகிவிடும், நல்ல மழையில்! பிரேக் பூஸ்டர், டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் எல்லாம் இதே கதைதான்.

1970-ல் அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 1975 மாடலுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள் (கெடு பிறகு தள்ளிப்போனது, அது வேறு கதை). காரில் வைக்கும்படியான கம்ப்யூட்டர் அப்போது ஏது? சூடானால் திறக்கும் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு ஹோஸ், அது இழுக்கும் ஒரு டயாஃப்ரம்... இப்படி ரப்பராலேயே ஒரு மூளை கட்டினார்கள். ஒவ்வொரு புது விதிக்கும் இன்னும் இரண்டு ஹோஸ்.

இந்த நிலையில்தான் இரட்டை டர்போ வருகிறது. சிறிய டர்போ சீக்கிரம் சுழலும், மேலே மூச்சு வாங்கும். பெரியது மேலே பிய்த்து உதறும், கீழே தூங்கும். எனவே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டர்போ. போர்ஷே 959-ல் 1986-ல் செய்தார்கள், 1990-ல் மாஸ்டா தன் யூனோஸ் காஸ்மோவில், பிறகு ஆர்எக்ஸ்-7-ல். 1,308 சிசி ரோட்டரி என்ஜின், 255 குதிரைசக்தி. சுமார் 4,500 ஆர்பிஎம் வரை புகை எல்லாம் முதல் டர்போவுக்கு. இரண்டாவதை முன்கூட்டியே கொஞ்சம் சுழற்றித் தயார் செய்ய ஒரு வால்வு, அது அழுத்தும் காற்றை வெளியே விட ஒன்று, என்ஜினோடு சேர்க்க ஒன்று, புகைப் பாதையை முழுதாகத் திறக்க இன்னொன்று. முடிவெடுப்பது கம்ப்யூட்டர், கை கால் மட்டும் இன்னும் காற்று. நடுவில் சாலினாய்டுகள், வேக்குவத்தையும் பூஸ்ட்டையும் சேர்த்து வைக்கும் டப்பாக்கள், ஒருவழி வால்வுகள். ஐடிலில் உறிஞ்சும் ஹோஸ், பூஸ்ட் ஏறினால் அதே ஹோஸ் உள்ளிருந்து வெளியே தள்ளும். வேக்குவத்தில் கம்மென்று இருக்கும் விரிசல் அப்போதுதான் பிளக்கும்.

மேலே ரோட்டரி என்ஜினின் பயங்கரச் சூடு வேறு. சில வருடங்களில் ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். ஒரு ஹோஸ் கழன்றால் இரண்டாவது டர்போ எட்டிப் பார்க்காது. எந்த ஹோஸ் என்று தேட மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும்.

ஆக, சொந்தக்காரர்கள் தாங்களே பிரிக்க ஆரம்பித்தார்கள். பொறுமைசாலிகள் எல்லாவற்றையும் சிலிக்கான் ஹோஸாக மாற்றினார்கள். சிலர் புகைக் கட்டுப்பாட்டு ஹோஸ்களை மட்டும் எடுத்துவிட்டு டர்போ ஹோஸ்களை வைத்துக்கொண்டார்கள் (சாலையில் ஓட்டும் காரில் இது அமெரிக்காவில் சட்டவிரோதம்). இன்னும் சிலர் வால்வுகளைத் திறந்தபடியே பூட்டி இரண்டு டர்போவையும் சேர்ந்தே ஓடவிட்டார்கள். ஹோஸ்கள் பெருமளவு போயின. கூடவே 2,000 ஆர்பிஎம்மில் கிடைத்த இழுவையும் போயிற்று. அந்த இழுவைக்காகத்தானே இவ்வளவு பாடும்? என் ஓட்டு சிலிக்கான் கட்சிக்கு.

எதைக் கழற்றினாலும் வேஸ்ட்கேட்டுக்குப் போகும் ஹோஸ் மட்டும் இருந்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும், நாக்கிங் வரும், ரோட்டரின் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடையும். பிறகு என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் இந்தக் கார் 1995 மாடலோடு நின்றது. ஜப்பானில் 2002 வரை, அதே இரட்டை டர்போவோடு, 280 குதிரைசக்தி வரை வளர்ந்தது. பின்னாளில் பல கம்பெனிகள் வேஸ்ட்கேட்டுக்கே எலெக்ட்ரிக் மோட்டார் வைத்தன, ஹோஸ் வேலை ஒயருக்குப் போனது. மாஸ்டாவோ 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8-ல் டர்போவையே எடுத்துவிட்டது.