விருந்தினரை அழைக்கும் உரிமை

மலையகத்துப் பழைய துரை பங்களாக்களில் பல இன்று இரவுக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. பிள்ளைகளின் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் குடும்பமும், இலண்டனிலிருந்தோ டொரன்டோவிலிருந்தோ ஊர் பார்க்க வரும் உறவினர்களும், ஐரோப்பியப் பயணிகளும் கைபேசியிலேயே அறை பிடித்துக்கொண்டு கண்டிக்கு மேலுள்ள மலைகளுக்கு ஏறுகிறார்கள். விளம்பரங்கள் எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: இது நூற்றைம்பது ஆண்டுப் பழமை கொண்ட விருந்தோம்பல், அதே கணப்படுப்பு, அதே புல்வெளி, அதே மாலைத் தேநீர். இந்தக் கதையில் பாதி உண்மை. இந்த மலைகளில் விருந்தோம்பலுக்கு நெடிய வரலாறு இருக்கிறது. ஆனால் விருந்தினரை அழைக்கும் உரிமை யாருக்கு இருந்தது, யாரிடமிருந்து அது பறிக்கப்பட்டது என்பதே அந்த வரலாற்றின் மையம். விடுமுறை வீடு என்னும் இன்றைய தொழிலில் யார் முதலாளி, யார் சமையற்காரர் என்பதை அந்தப் பழைய உரிமைதான் தீர்மானிக்கிறது. கண்டிப் பக்கத்து ஹேவாஹெட்டயை வைத்துப் பார்த்தால் இது துலக்கமாகத் தெரியும்.

கோப்பிக்கும் தேயிலைக்கும் முன்பே ஹேவாஹெட்ட ஒதுங்கிடமாக இருந்த பூமி. கண்டி இராச்சியத்தின் நிர்வாகப் பிரிவுகளில் ஒன்று அது. 1664இல் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு இரண்டாம் இராஜசிங்கன் வந்து தங்கிய ஹங்குராங்கெத்த இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அரசனுக்கு அரண்மனை இருந்ததுபோல வழிப்போக்கனுக்கு அம்பலம் இருந்தது. கண்டிச் சீமையின் பாதைகளில் ஊரார் கட்டிவைத்த அம்பலங்களில் சில இன்றும் நிற்கின்றன. கொழும்பு வீதியில் போகிறவர்கள் கடுகண்ணாவை அம்பலத்தைப் பார்த்திருப்பார்கள். கூரை, தூண்கள், உட்காரவும் படுக்கவும் திண்ணை, அவ்வளவுதான். பூட்டும் கிடையாது, வாடகையும் கிடையாது. முன்பின் தெரியாதவனுக்கு ஓர் ஊர் இடம் கொடுக்க வேண்டுமானால் அந்த மண்ணில் அந்த ஊருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும். தனக்கென்று வாசல் உள்ளவர்தான் பிறரை உள்ளே அழைக்க முடியும்.

பிரித்தானியர் காலத்தில் இந்தப் பிடிமானம் கைமாறியது. மலைச் சரிவுகள் காடென்றும் தரிசென்றும் முடிக்குரியவையாக்கப்பட்டு, ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டன. 1852இல் பதினாறு, பதினேழு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டயின் லூல்கந்துர தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1867இல் அங்கே 19 ஏக்கரில் அவர் வைத்த தேயிலைதான் இலங்கையின் முதல் வணிகத் தேயிலை. கண்டிக்கு ரயில் வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டு ஆண்டில் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டது; அது பரவப் பரவ மலை முழுவதும் தேயிலைக்கு மாறியது. டெய்லர் குடியிருந்த மரவீட்டில் எஞ்சியிருப்பது கல்லால் கட்டிய கணப்படுப்பும் புகைபோக்கியும்தான். இன்றைய பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதைகள் மோசமாக இருந்த அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பயணி எந்தத் தோட்டத்துப் பங்களாவின் கதவைத் தட்டினாலும் கட்டிலும் சாப்பாடும் கிடைத்தன. தோட்டத் துரைமாரின் விருந்தோம்பல் என்று புகழப்பட்டது இதுதான். அந்தப் புகழைச் சுமந்தவர்கள் பங்களாவின் பின்பக்கத்தில் இருந்தார்கள். அப்பு சமைத்தார், வாசல்கூட்டி பெருக்கினார், ஒருவர் குளிப்பதற்கு வெந்நீர் தூக்கினார், ஒருவர் விறகு பிளந்தார், ஒருவர் குதிரையைப் பிடித்துக் கட்டினார். வந்தவரை வரவேற்றதாகப் பெயர் துரைக்கு. தண்ணீரும் தீயும் இவர்களுடைய கைகளிலிருந்து வந்தன.

அந்தப் பங்களா துரைக்கும் சொந்தமில்லையே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. நாற்பது ஆண்டுகள் லூல்கந்துரவில் உழைத்த டெய்லரையே 1892இல் தோட்டத்தை விட்டுப் போகும்படி நிர்வாகம் சொன்னது. அதே ஆண்டு வயிற்றுப்போக்கால் அவர் இறந்து, கண்டி மஹய்யாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு நேர்ந்தது அநீதிதான். ஆனாலும் வேலையில் இருந்த காலம் முழுவதும் தன் மேசைக்கு யாரை அழைப்பது என்பது துரையின் விருப்பம். அது போக, பெரும்பாலான துரைமாருக்குக் கடலுக்கு அப்பால் ஓர் ஊரும், ஓய்வுபெற்றுத் திரும்ப ஒரு வீடும் இருந்தன. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வழியில் கொலராவுக்கும் பசிக்கும் ஆட்களைப் பறிகொடுத்து, மாத்தளைவரை நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு லயத்துக் காம்பிராவை விட்டால் வேறு கூரை கிடையாது. ஒரே விதியானாலும், திரும்ப ஒரு வீடு உள்ளவரை அது ஒரு விதமாகத் தொட்டது, அதுவும் இல்லாதவரை வேறு விதமாகத் தொட்டது.

லயத்துக்குள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பிரா, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, மூலையில் விறகடுப்பு. புகை படிந்து கறுத்த தகரத்துக்குக் கீழே தாய் தகப்பன், பிள்ளைகள், கலியாணமான மகன், மருமகள். அடுத்த காம்பிராவின் சுவர்தான் இந்தக் காம்பிராவின் சுவர். இரட்டை லயமென்றால் பின்சுவருக்கும் அப்பால் இன்னொரு குடும்பம். மலையகத்துச் சிறுகதைகளில் இந்த நெருக்கடி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்ட ஒன்றும் உண்டு: இஸ்தோப்பில் ஒரு விருந்தாளியைப் படுக்கவைக்க அந்தக் குடும்பம் மட்டும் முடிவெடுக்க முடியாது. தோட்டப் பாதை தனியார் பாதை. பேர் பதியாத ஆள் வந்து தங்கினால் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் துரைக்கும் பதில் சொல்ல வேண்டும். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை இருந்த துண்டு முறையோ, கடனைக் காட்டி ஆட்களையே ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றிவிட்டது. தன் வாசலில் யார் வருவது, யார் போவது என்று சொல்லும் அதிகாரம் அங்கே குடியிருந்தவரிடம் இல்லை.

இந்த அதிகாரத்துக்காகத்தான் மலையகத்தின் முதல் அரசியல் போராட்டங்களில் பாதி நடந்தன என்று சொன்னால் மிகையாகாது. வெளியாருக்குத் தோட்டம் மூடிக் கிடந்ததால்தான் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் உள்ளே போய்த் தொழிலாளர் நிலையை அறிந்தார் என்பது மலையகத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. சங்கம் கட்ட வந்தவர்கள் தொழிலாளியின் காம்பிராவில் உட்கார்ந்து பேச முடியாமல், தோட்ட எல்லைக்கு வெளியே வீதியிலும் கடைத்தெருவிலும் கூட வேண்டியிருந்தது. ஹேவாஹெட்டயின் முல்லோயா தோட்டத்தில் கூலி உயர்வுக்காகவும் சங்கத்துக்காகவும் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரி 10ஆம் தேதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகி என்று கோவிந்தன் நினைக்கப்படுகிறார். ஆறு ஆண்டுகள் கழித்துக் கேகாலைப் பக்கத்து உருளவள்ளித் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு எடுத்தபோது, அங்கிருந்த தொழிலாளர்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் போக மறுத்தார்கள். தாங்கள் குடியிருந்த காம்பிராக்களிலேயே அத்துமீறி இருப்பதாக அவர்கள்மீது வழக்கு வந்தது. வாசல் தன்னுடையதாக இல்லாவிட்டால் தன் வீட்டிலேயே ஒருவர் அத்துமீறியவர் ஆகிவிடுவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலையகத் தமிழரைப் பிரஜைகளாக ஏற்காத 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தமும் இதே நிலையை நாட்டளவுக்கு விரித்தன. அந்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்கள் பங்கிடப்பட்டார்கள். மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். எழுபதுகளில் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. லயத்தில் இருந்தவர்களுக்குக் காணி வரவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, 2045வரை நீளும் குத்தகைகள் எழுதப்பட்டன. லயமும் அதன் அடிமண்ணும் அந்தக் குத்தகைக்குள்ளேயே அடங்கின.

அதற்குப் பிறகுதான் தோட்டங்களுக்குள் சுற்றுலா மேலேறி வருகிறது. 1996இல் நுவரெலியாப் பக்கம் கந்தப்பொளையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலானது. 2005இல் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத்துத் துரை பங்களாக்கள் சில ஒன்றுசேர்ந்து உல்லாச விடுதியாயின. அந்த வழியில் மற்றத் தோட்டங்களின் பங்களாக்களும் வந்தன. வருமானம் குறைந்த தோட்டத்துக்கு இது ஒரு கைத்தாங்கல். குத்தகைக்காரக் கம்பனி தன் கட்டிடத்தை வாடகைக்கு விடுவதில் சட்டக் குற்றம் எதுவுமில்லை. கேட்க வேண்டியது இதுதான்: அதே மலையில், அதே பனியில், அதே தேயிலைக்கு நடுவில் நான்கு தலைமுறையாக இருக்கும் ஒரு குடும்பம் ஏன் ஓர் அறையைக் கூட வாடகைக்கு விட முடிவதில்லை?

கடற்கரையைப் பார்த்தால் விடை புரியும். ஹிக்கடுவ, உனவட்டுன, அறுகம்பே ஆகிய ஊர்களில் சுற்றுலா பெரிய ஹோட்டல்களோடு மட்டும் வளரவில்லை. முதுகுப்பையோடு வந்த இளைஞர்களுக்கு உள்ளூர்க் குடும்பத்தினர் தங்கள் வீட்டில் ஓர் அறையை விட்டார்கள்; அந்தக் காசில் இன்னோர் அறை கட்டினார்கள்; பிறகு அது ‘கெஸ்ட் ஹவுஸ்’ ஆயிற்று. எல்லோருக்கும் இது வாய்க்கவில்லை, வாய்த்தவர்களுக்கு ஆரம்ப மூலதனம் காணித்துண்டுதான். மெக்சிகோவிலும் இதையே காணலாம். பசிபிக் கரையில், இன்று விடுமுறை வீடுகளுக்குப் பேர்போன சயுலிதா போன்ற சிற்றூர்களில் புரட்சிக்குப் பின் நிலம் கூட்டுடைமையாகக் குடியானவர்களிடம் வந்தது. 1917இன் அரசியலமைப்பு கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் அந்நியர் நேரடியாக நிலம் வாங்குவதைத் தடுத்திருந்தது. 1992இல் அந்தக் கூட்டுடைமை நிலத்தைத் தனியுடைமையாக்க வழி திறந்தபோது சிலர் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பலர் விற்றுவிட்டு ஊரின் பின்பக்கம் போனார்கள். விற்றவர்களின் இழப்பு சிறிதல்ல. என்றாலும் பேரம் பேச அவர்கள் கையில் ஒரு பத்திரம் இருந்தது. அதே 1992இல் மலையகத்தில் நிலம் கைமாறியபோது லயத்தில் இருந்தவர்கள் பேரத்தில் ஒரு தரப்பாகவே சேர்க்கப்படவில்லை.

பங்களாச் சுற்றுலா தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தருகிறதே என்பது அடுத்த மறுப்பு. தருகிறது. கொழுந்துக்கூடையை விட விடுதிச் சீருடையை விரும்பும் இளைஞரை யாரும் குறைசொல்ல முடியாது. பழைய கட்டிடங்கள் இடியாமல் காக்கப்படுவதும் நல்லதே. ஆனால் அப்புவின் பேரன் அதே பங்களாவில் பரிமாறுபவராக இருப்பதை முன்னேற்றம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் நாள் உழைப்புக்கு வருவது. வாடகை உரிமைக்கு வருவது, தலைமுறைக்குத் தலைமுறை சேர்ந்துகொண்டே போகும். காப்பதென்றால் எதைக் காக்கிறோம் என்பதும் இருக்கிறது. பங்களாவின் ஜன்னல் கண்ணாடியை அதே பழைய வடிவத்தில் தேடிப் பொருத்தும் அக்கறையில் ஒரு பங்கு கூட லயத்தின் ஒழுகும் தகரத்துக்குக் கிடைப்பதில்லை.

இப்போதுதான் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் கொடுக்கப்படுகின்றனவே என்று சொல்வார்கள். கொடுக்கப்படுவது மெய். இந்திய உதவியோடு நாலாயிரம் வீடுகள், 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட பத்தாயிரம் வீடுகள் என்று திட்டங்கள் வந்திருக்கின்றன. லயத்திலிருந்து தனி வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஆனால் வீட்டுத் திறப்பு கையில் கிடைத்தும் உறுதிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. உறுதி இல்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது, அரசிடம் முறையாகப் பதிந்து அதைத் தங்குமிடமாக நடத்துவதும் எளிதல்ல. ஏழு பேர்ச்சில் ஒரு குடும்பம் வசிக்கலாம். ஒரு மரக்கறித் தோட்டம், ஒரு விருந்தினர் அறை என்று யோசிக்க அங்கே இடமில்லை. பங்களாவைச் சுற்றியுள்ள புல்வெளி மட்டுமே அத்தகைய பல வீடுகளுக்குக் காணும்.

பெருந்தோட்டக் குத்தகைகள் முடியும் 2045க்கு அதிக காலம் இல்லை. அதற்கு முன்பே நீடிப்பும் மறு ஒப்பந்தமும் பேசப்படும், சுற்றுலாவுக்குக் காணி ஒதுக்குவதும் அதில் ஒரு பகுதியாக இருக்கும். ஹேவாஹெட்ட போன்ற இடங்களில் பங்களாவுக்கு எவ்வளவு, உல்லாசக் குடில்களுக்கு எவ்வளவு என்று அளக்கும் அதே வரைபடத்தில், லயங்களின் அடிமண்ணும் அவற்றைச் சுற்றித் தொழிலாளர்கள் பயிர்செய்யும் துண்டுக் காணிகளும் தனியாக அளந்து காட்டப்பட்டு, அங்கே குடியிருக்கும் பெண்கள் ஆண்கள் இருவர் பெயரிலும் உறுதி எழுதப்பட வேண்டும். அந்த உறுதியில் வதிவதற்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கக் கூடாது. அறை கட்டவும், கடை போடவும், வாடகைக்கு விடவும் அவர்களுக்கு உரிமை வேண்டும்.