‘வடமதுரை’யும் ‘நெசமாவே’யும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் பேருந்து. “வடமதுரையெல்லாம் எந்திரிச்சு முன்னாடி வா!” என்று நடத்துனர் குரல் கொடுக்கிறார். எழுந்து வருவது ஊரல்ல, ஊர்க்காரர்கள். அதே நெரிசலில் ஒரு பெண் கைபேசியில் தோழியிடம் சொல்கிறாள்: “கூட்டத்துல நெசமாவே செத்துட்டேன்டி.” சொல்லுக்குச் சொல் பார்த்தால் இரண்டுமே நடக்கவில்லை. ஆனாலும் முன்னதை யாரும் குறை சொல்வதில்லை, பின்னதற்கு, “செத்தவ எப்படிப் பேசுற?” என்று மல்லுக்கு நிற்க ஆள் உண்டு. ஏன்?

நடத்துனர் சொன்னது இடவாகுபெயர். ஆகுபெயருக்கு நன்னூல் இரண்டு வரம்பு கட்டுகிறது: பெயருக்கும் அது குறிக்கும் பொருளுக்கும் தொடர்பு வேண்டும், அந்த வழக்கு தொன்றுதொட்டு வந்திருக்க வேண்டும். ஊர்ப்பெயரால் மக்களைச் சொல்வது இரண்டுக்கும் பொருந்துகிறது. திருப்பாவையில் ஆண்டாள் வடமதுரை என்றது கண்ணனின் வடநாட்டு மதுராவை. சௌந்தரராஜப் பெருமாள் குடிகொண்ட நம் ஊருக்கும் அதே பெயர். பேருந்தில் அது பயணிகளுக்கும் ஆகிறது. இத்தனை பேருக்கு இரவல் போயும் பெயர் தேயவில்லை.

‘செத்துட்டேன்’ என்பது மிகை. அதுவும் பழையதுதான். பசியில் உயிர் போகிறது, வெயில் கொல்லுகிறது என்று நாள்தோறும் சொல்கிறோம். தண்டியலங்காரம் உயர்வு நவிற்சியை அதிசய அணி என்று ஏற்றுக்கொண்டது. சிக்கல், அதன் முன்னே வந்து நிற்கும் ‘நெசமாவே’யில்தான். அது சாட்சி சொல்லும் சொல். ஆங்கிலத்தில் ‘லிட்டரலி’ படும் பாடும் இதே. 1769இல் வெளிவந்த பிரான்சஸ் புரூக்கின் நாவலிலேயே அது மிகைக்குத் துணைபோயிருக்கிறது; ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2011இல் அந்தப் பொருளையும் சேர்த்துக்கொண்டது. வாதம் மட்டும் ஓயவில்லை.

வேறுபாடு இங்கேதான். ஊர்ப்பெயர் ஆட்களுக்கு ஆனாலும் ஊர் ஊராகவே இருக்கிறது. சாட்சிச் சொல்லோ மிகைக்குப் போகப் போகத் தன் வலுவை இழக்கிறது. சொற்கள் அப்படி இழந்ததுண்டு: ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்த ‘நாற்றம்’ இன்று மல்லிகைக்கு ஆகாது.

மிகையைத் தடுக்க வேண்டாம். பேச்சின் உயிரே அதில்தான் இருக்கிறது. அய்யலூர்ப் பக்கத்துத் தோட்டத்துவீட்டிலிருந்து நடுச்சாமத்தில் அப்பத்தா அழைத்து, “நெசமாவே நெஞ்சு வலிக்குதுய்யா” என்றால், பேரன் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுக்க வேண்டும். அந்த ஒரு வேளைக்காகவாவது இந்த ஒரு சொல்லைச் செலவழிக்காமல் வைத்திருப்போம்.