பள்ளி வயதிலிருந்து தொட்டில் வயதுக்கு: தாமிரபரணிக் கரையில் செவித்திறன் குறைந்த குழந்தையின் ஆயத்தம்

உட்காதில் மின்முனைக் கருவியைப் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குக் குழந்தையைத் தயார் செய்ய மாதக்கணக்கில் ஆகும். திருநெல்வேலி வட்டாரத்தில் இந்த ஆயத்தத்துக்கு நூறாண்டைத் தாண்டிய முன்கதை உண்டு. அந்தக் காலத்துக்குள் கருவிகள் மாறின. குழந்தையைக் கவனிக்கத் தொடங்கும் வயது இறங்கியது. கற்பிக்கும் பொறுப்பு விடுதிப் பள்ளியிலிருந்து தாயின் மடிக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பொறுப்புக்கு ஈடான துணை தாய்க்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் பாளையங்கோட்டையில். பெண்களிடையே பணியாற்றிய செனானா மிஷனைச் சேர்ந்த பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 1897இல் அங்கே காது கேளாதோர் பள்ளியை நிறுவினார். பம்பாயில் 1885இலும் கல்கத்தாவில் 1893இலும் இத்தகைய பள்ளிகள் தோன்றியிருந்தன. தென்கோடியில் இது முன்னோடி. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகையை ஒதுக்கிவிட்டு வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்த காலம் அது. எந்த முறையில் கற்பித்தாலும், பிள்ளை பள்ளிக்கு வந்த பிறகுதான் பாடம் தொடங்கியது. மூளை மொழியை எளிதில் பற்றிக்கொள்ளும் முதல் சில ஆண்டுகள் அதற்குள் கழிந்திருக்கும்.

இந்த இழப்பை நேராக எதிர்கொண்ட முயற்சி 1969இல் சென்னையில் வந்தது. பால வித்யாலயா, பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளையும் தாய்மாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பயிற்சி தந்தது. தமிழ்நாட்டில் இம்ப்ளான்டுக்கான தயாரிப்பு என்று இன்று நாம் சொல்வதன் வித்து இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. கருவி பரவலாவதற்கு முன்பே முறை உருவாகிவிட்டது.

கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் ஏரியேயும் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அமெரிக்காவில் 1990இல் இரண்டு வயதுக் குழந்தைக்கும், 2000இல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கும், 2020இல் ஒன்பது மாதக் குழந்தைக்கும் அனுமதி கிடைத்தது. தமிழ்நாட்டில் பல லட்ச ரூபாய்ச் செலவு ஏழைக் குடும்பங்களை எட்டாத தூரத்தில் நிறுத்தியிருந்தது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அந்தத் தடையைத் தகர்த்தன. இந்த மாநிலம் பெருமைப்பட வேண்டிய செயல் அது.

ஆனால் காப்பீட்டு அட்டை கைக்கு வந்த அன்றுதான் தாயின் அலைச்சல் தொடங்குகிறது. பாபநாசத்திலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரவேண்டும். ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா (BERA) பரிசோதனைக்குக் குழந்தை அசையாமல் தூங்கவேண்டும் என்பதால், முதல்நாள் இரவு தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்வார்கள். பேருந்தின் ஆட்டத்தில் வழியெல்லாம் தூங்கிவிட்டு, நெற்றியில் ஒயர் ஒட்டும்போது விழித்துக்கொண்டு வீறிடும் பிள்ளைகள் உண்டு. பிறகு இன்னொரு நாள், இன்னொரு பயணம். நத்தை எலும்பும் செவி நரம்பும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க சி.டி., எம்.ஆர்.ஐ.; மூளைக்காய்ச்சலைத் தடுக்க நிமோகாக்கல் தடுப்பூசி; சில மாதங்கள் காது மெஷினை மாட்டிப் பலன் பார்ப்பது. பஞ்சுபோல் மென்மையான காதில் மெஷின் நிற்காது. பிள்ளை பிடுங்கி எறியும், தாய் எடுத்து மாட்டுவாள்.

இந்தக் காத்திருப்பில்தான் மிக நுட்பமான பயிற்சி நடக்கிறது. குழந்தை கையில் ஒரு வளையத்தைக் கன்னத்தருகே பிடித்திருக்கும். தாய் முரசைத் தட்டுவாள். ஒலியை உணர்ந்ததும் வளையத்தைக் குச்சியில் போடவேண்டும். முதலில் மெஷின் வழியே கேட்கும் பலத்த ஒலி, அதுவும் எட்டாவிட்டால் முரசின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வு. ஒலி இல்லாதபோது காத்திருக்கவும் பழகவேண்டும், கடினமானது அதுதான். அறுவை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனைக்கும் அளவு குறிப்பார்கள். வளையம் போடப் பழகிய பிள்ளை தனக்கு எது கேட்கிறது என்பதைத் தானே தெரிவித்துவிடும். அதன்பின் தாய் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைத் தினமும் சொல்லிக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பாள்.

இத்தனையையும் சுமக்கும் தாயின் மேல்தான் பழியும் விழுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள். பிறவிக் கேளாமைக்கு அது ஒரு முக்கியக் காரணம்; குறைப்பிரசவமும் ருபெல்லாவும் வேறு காரணங்கள். மாமன் மகனைக் கட்டிவைத்த குடும்பமே பிறகு தாயின் மேல் பழி போடுவதைப் பார்க்கிறோம். அதனால் ஆயத்தத்தில் தகப்பனையும் பாட்டியையும் உட்காரவைக்காத பயிற்சி அரைகுறைதான்.

இன்னொரு குறையும் உண்டு. இம்ப்ளான்டுக்குக் காத்திருக்கும் குழந்தையிடம் சைகை காட்டினால் பேச்சு வராது என்ற அச்சம் இன்னும் வலுவாக இருக்கிறது. பரிசோதனைகள் இழுபடும் மாதங்களில் பசியையும் வலியையும் சொல்ல வழியில்லாத பிள்ளைக்கு இது அநியாயம். எல்லாக் குழந்தைக்கும் கருவி ஒரே அளவில் பலன் தருவதும் இல்லை. நூற்றாண்டுக்கும் மேலாகக் காது கேளாதோர் படித்துவரும் பள்ளி அதே பாளையங்கோட்டையில் இருக்கிறது. அங்கே படித்து வளர்ந்தவர்கள் இளம் தாய்மாருக்கு ஐம்பது அறுபது சைகைகளைக் கற்றுத்தர முடியும். மருத்துவமனையின் ஆயத்தப் பட்டியலில் தடுப்பூசிக்கு அடுத்த வரியில் இதையும், அம்பாசமுத்திரத்திலேயே வாரம் ஒருநாள் பேச்சுப் பயிற்சியையும் சேர்க்கவேண்டும்.