சீட் பெல்ட்டைத் திருத்திய பயிற்சி விமானி

1/
கார் பழகும்போது எங்கேயாவது இடிக்காதவர்கள் குறைவு. சின்ன விமானம் பழகுபவர்களுக்கு இடிக்கிற இடம் பெரும்பாலும் தரையிறங்கும்போதுதான். ஓடுதளத்துக்குச் சில அடி மேலே மூக்கை மெதுவாகத் தூக்கணும். சீக்கிரமே தூக்கினால் இறக்கை தாங்காது, பொத்துனு விழும். லேட்டானால் சக்கரம் மோதித் துள்ளும்.

2/
பழைய விமானங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு குட்டிச் சக்கரம். எடை முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது கொஞ்சம் திரும்பினாலும் வால் முந்தப் பார்க்கும். விமானம் சுற்றிவிடும்.

3/
அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெட் வைக் இதற்கு வழி தேடினார். அவர் வடிவமைத்த எர்கூப் விமானத்தில் சக்கரம் மூக்குக்குக் கீழே. எடை பின்சக்கரங்களுக்கு முன்னால். கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும். 1940-ல் சான்றிதழ் கிடைத்தது. இன்றைய செஸ்னா 172-லும் மூக்குச் சக்கரம்தான்.

4/
சரி, அதையும் மீறி மோதினால்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஹ்யூ டிஹேவன். டாக்டர் இல்லைங்க. 1917-ல் ராயல் ஃபிளையிங் கோரின் கனடா பிரிவில் பயிற்சி விமானி. வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதிக் கீழே விழுந்தார். கல்லீரல், கணையம், பித்தப்பை எல்லாம் கிழிந்தன. ஆனால் பிழைத்தார்.

5/
அதிர்ஷ்டம்னு அவர் விட்டுவிடவில்லை. வயிற்றைக் கிழித்தது எது? யோசித்து அவர் வந்த முடிவு: காப்பாற்றுவதற்காகக் கட்டியிருந்த பெல்ட்டின் பக்கிள்!

"ஏன் மோதியது" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். "எது காயப்படுத்தியது" என்று கேட்டது அவர்.

6/
1942-ல் ஒரு கட்டுரை எழுதினார். 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் கதை. ஒரு பெண் 17-வது மாடியிலிருந்து 144 அடி விழுந்தார். கீழே இருந்த தகரப் பெட்டி நசுங்கி அவரை ஏந்திக்கொண்டது. எலும்புகள் உடைந்தன, உயிர் போகவில்லை.

வேகம் மட்டும் கொல்வதில்லை. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது, உடம்பில் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

7/
பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சின்ன விமான விபத்துகளை ஆராய்ந்தார். பல விபத்துகளில் கேபின் பெரிதாக நசுங்கவில்லை. ஆனாலும் ஆள் இறந்திருக்கிறார். காரணம், இடுப்பில் மட்டும் பெல்ட். உடம்பு முன்னால் மடங்கி, தலை நேரே கருவிப் பலகையில் போய் மோதும். தோளுக்கும் ஒரு பட்டை இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

8/
1950-ல் வைக் 'ஏஜி-1' என்ற மருந்து தெளிக்கும் விமானத்தை வடிவமைத்தபோது டிஹேவனின் ஆலோசனையைச் சேர்த்துக்கொண்டார். மோதாமல் தடுக்க நினைத்தவரும், மோதினாலும் பிழைக்க வைக்க நினைத்தவரும் ஒரே விமானத்தில் சேர்ந்தார்கள்.

9/
1955-ல் ரோஜர் கிரிஸ்வோல்டும் டிஹேவனும் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1959-ல் வால்வோவின் நில்ஸ் போலின் கொண்டுவந்த மூன்று முனை பெல்ட்தான் இன்று உங்கள் காரில் இருப்பது.

ஆனால் அமெரிக்காவில் சின்ன விமானங்களின் முன் சீட்டுக்குத் தோள்பட்டை கட்டாயமானது எப்போது தெரியுமா? 1978 ஜூலைக்குப் பிறகு தயாரானவற்றுக்குத்தான். அந்த வயிற்றுக் காயத்துக்கு 61 வருடம் கழித்து!

10/
அதனால் பெல்ட் போட்டால் மட்டும் போதாது, சரியாகப் போடணும்.

கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பின் மேல். வயிற்றின் மேல் வேண்டாம். எலும்பு தாங்கும், குடல் தாங்காது.
கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே.
மேல்பட்டை தோள், நெஞ்சு வழியாக. உறுத்துதுன்னு அக்குளுக்கு அடியில் விடாதீங்க.
பின் சீட்டிலும் இதேதான்.

விபத்துக்குப் பிறகு வயிற்றில் பெல்ட் தடம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. உள்ளே குடல் கிழிந்திருக்கலாம். முதல் சில மணி நேரம் அது வெளியே தெரியாமலும் இருக்கும்.

உங்க பிள்ளை எல் போர்டு மாட்டி வண்டி எடுக்கும்போது கிளட்ச்சுக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுங்க. பழகுற கை என்றாவது தவறும். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வரணும், அவ்வளவுதான்.