இணையத் தொலைபேசியில் அழைப்புத் திருப்பலும் அழைப்பவர் எண்ணும்

ஓர் எண்ணுக்கு வரும் அழைப்பை வேறோர் எண்ணுக்கு அனுப்பிவைப்பது அழைப்புத் திருப்பல். பேச்சுவழக்கில் கால் ஃபார்வர்டிங். அழைப்பவரின் எண்ணையோ பெயரையோ மணி அடிக்கும்போதே திரையில் காட்டுவது காலர் ஐடி. பழைய இணைப்பகங்களில் இவை பெரும்பாலும் தனியே கேட்டுப் பெற வேண்டிய சேவைகள். இணையத் தொலைபேசி அமைப்புகளில் இரண்டும் மென்பொருளின் இயல்பான பகுதிகள். ஆனால் ஒன்று மற்றொன்றின் காலை வாரிவிடும் இடங்கள் இங்கே பல உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

இவ்வமைப்புகளில் பெரும்பாலானவை எஸ்ஐபி என்ற நெறிமுறையில் இயங்குகின்றன. அதன் இன்றைய வடிவம் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக வெளிவந்தது. இதில் அழைப்பு என்பது எழுத்துகளால் ஆன ஒரு செய்தி. ‘இன்வைட்’ எனப்படும் அச்செய்தியில் யாருக்கு என்பதை ‘டு’ வரியும், யாரிடமிருந்து என்பதை ‘ஃப்ரம்’ வரியும் சொல்கின்றன. ஃப்ரம் வரியை நிரப்புவது அழைப்பவரின் கருவியே. செப்புக்கம்பிக் காலத்தில் எந்தக் கம்பியிலிருந்து அழைப்பு வருகிறது என்பது இணைப்பகத்துக்குத் தெரியும். எண்ணைச் சொன்னதும் அதுதான். இப்போதோ, மார்க் ஸ்பென்சர் 1999-இல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் போன்ற திறமூல மென்பொருளில் ஒரு வரியை மாற்றினால் எந்த எண்ணையும் அனுப்பிவிடலாம். தடுக்க வேண்டியது அழைப்பை ஏற்றுச் செல்லும் சேவை நிறுவனம். அது வாடிக்கையாளரைச் சரிபார்த்த பின் தன் பொறுப்பில் சேர்க்கும் அடையாள வரிக்கு 2002-இலேயே ஆர்எஃப்சி 3325 இடம் தந்தது. ஆனால் அவ்வரி ஒன்றையொன்று நம்பும் வலையமைப்புகளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். எண்ணை மறைக்கச் சொன்ன அழைப்பில், அந்த வட்டத்தைத் தாண்டும்போது வரி நீக்கப்படும்.

திருப்பலுக்கு நான்கு நிலைகள் உண்டு: எல்லா அழைப்புகளையும் திருப்புதல், பேசிக்கொண்டிருக்கும்போது திருப்புதல், எடுக்காவிட்டால் திருப்புதல், கருவி தொடர்பில் இல்லாதபோது திருப்புதல். செய்யும் வழி இரண்டு. முதல் வழியில் மேசைத் தொலைபேசியே 302 என்ற மறுமொழியுடன் புதிய முகவரியைத் தந்து விலகிக்கொள்ளும். அழைத்த பக்கம் அங்கே புதிதாக அழைக்கும். இரண்டாவதில் அலுவலக சர்வர் அழைப்பைத் தானே ஏற்று, கைபேசிக்கு இன்னோர் அழைப்பைத் தொடுத்து, இரண்டையும் இணைக்கும். வெளியிலிருந்து வந்து வெளியே போகும் அழைப்பு இப்படி இரண்டு தடங்களை அடைத்துக்கொள்ளும். இரண்டாவது தடத்தின் கட்டணம் திருப்பியவர் தலையில் விழும். சர்வரின் கடவுச்சொல்லைத் திருடியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பலை அமைப்பது. வெளிநாட்டு எண்களுக்குத் திருப்புவதைத் தொடக்கத்திலேயே முடக்கிவைப்பது நல்லது.

திருப்பிய அழைப்பு கைபேசியில் மணி அடிக்கும்போது திரையில் யாருடைய எண் தெரிய வேண்டும்? இத்துறையின் கடினமான கேள்வி இது. அலுவலக எண்ணைக் காட்டினால் ஒவ்வோர் அழைப்பும் அலுவலகத்திலிருந்தே வருவதுபோல் தோன்றும். அழைப்பவர் யாரென்று தெரியாது. அழைத்தவர் எண்ணையே காட்டினால், தன் வாடிக்கையாளருக்கு உரிமையில்லாத எண்ணுடன் அழைப்பு வெளியேறுவதாகச் சேவை நிறுவனம் கருதும். பல நிறுவனங்கள் அதை மறுத்துவிடும். நேர்மையான திருப்பலும் எண்ணைப் பொய்யாகக் காட்டும் மோசடியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதற்காகவே ‘டைவர்ஷன்’, ‘ஹிஸ்டரி-இன்ஃபோ’ என்ற வரிகள் வந்தன: அழைத்தவர் எண் ஃப்ரம் வரியில் இருக்க, எந்த எண் வழியாக, எக்காரணத்தால் திரும்பி வந்தது என்பதை இவை சொல்லும். குரலஞ்சல் சர்வர் எவருடைய பெட்டியைத் திறப்பது என்று அறிவதும் இவற்றிலிருந்துதான்.

குரலஞ்சலால் வேறொரு தொல்லையும் உண்டு. அணைத்துவைத்த கைபேசிக்கு அழைப்பைத் திருப்பினால் அந்தக் கைபேசியின் குரலஞ்சல் எடுத்துவிடும். யாரோ பேசிவிட்டார் என்று சர்வர் எண்ணி, வரிசையில் அடுத்தவருக்கு மணி அடிக்காது. ஏற்க விரும்பினால் 1-ஐ அழுத்துங்கள் என்ற அறிவிப்பு இதைத் தவிர்க்கிறது. இரண்டு எண்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால் அழைப்பு சுழலத் தொடங்கும். எஸ்ஐபி செய்தியில் வழக்கமாக 70-இல் தொடங்கும் ஓர் எண்ணிக்கை, ஒவ்வொரு தாவலிலும் ஒன்று குறைந்து சுழியத்தில் அழைப்பை நிறுத்தும். ஆனால் இரு அழைப்புகளை இணைக்கும் சர்வர் புதிய எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டால், தடங்கள் நிரம்பும்வரை சுழற்சி நிற்காது.

எண் பொய்யாகக் காட்டப்படுவதற்கு எதிராக அமெரிக்காவில் எடுத்த பெரிய நடவடிக்கை ஸ்டர்-ஷேக்கன். 2019 டிசம்பரில் வந்த ட்ரேஸ்ட் சட்டத்தை அடுத்து, பெரிய நிறுவனங்கள் தம் இணைய வலையமைப்புகளில் இதை 2021 ஜூன் 30-க்குள் நிறுவ வேண்டியிருந்தது. அழைப்பு புறப்படும் நிறுவனம் எண்களையும் நேரத்தையும் மின்கையொப்பமிட்டு அனுப்பும். வாடிக்கையாளரும் எண்ணும் தெரியும் என்றால் ஏ, வாடிக்கையாளர் மட்டும் தெரியும் என்றால் பி, வேறிடத்திலிருந்து நுழைந்த அழைப்பு என்றால் சி என மூன்று தரங்கள். கையொப்பம் சேருமிட எண்ணையும் உள்ளடக்குவதால் திருப்பல் அதனுடன் மோதுகிறது. திருப்பிய நிறுவனம் தன் கையொப்பத்தையும் சேர்க்கும் முறையை 2021-இல் ஆர்எஃப்சி 8946 வகுத்தது. வழியில் பழைய வகை இணைப்பகம் ஒன்று குறுக்கிட்டால், கையொப்பம் பெரும்பாலும் அங்கேயே உதிர்ந்துவிடுகிறது.

இந்தியாவில், வாடிக்கையாளர் விண்ணப்பத்தில் தந்த பெயரையே அழைப்பில் காட்டும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. திருப்பலைப் பயன்படுத்திய மோசடி அதற்கு முன்பே பரவியிருந்தது. தொலைபேசி நிறுவன ஊழியர் போல் பேசி, *401# என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தியவருக்கு வரும் அழைப்புகளெல்லாம், வங்கி குரல்வழி சொல்லும் ஓடிபி உட்பட, மோசடிக்காரருக்குப் போய்விடும். இவ்வகைக் குறியீட்டுத் திருப்பலை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. திரையில் வங்கியின் எண்ணே தெரிந்தாலும், பணம் பற்றிய பேச்சு வந்தால் அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.